ஒரே நகர்த்தலில் நான் தோற்ற விவரம்

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

இங்கு யாவரும் நலம். உங்கள் தங்கை, என்னோடு பேசாத நேரங்களில் கூடுதல் நலம்.

நீங்கள் மூன்று வாரம் போனில் சொல்லிக்கொடுத்த பதினான்கு நகர்த்தல் ஓப்பனிங்கோடு மன்றத்துச் சதுரங்கப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். எதிரே யார் என்று பட்டியலைப் பார்த்தால், உங்கள் மருமகள் கட்டிக்கொள்ள நினைக்கிற பையனின் அப்பா. மனிதர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. உங்கள் மருமகள் என்னைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"அப்பா, அவர் தோத்தா ஒரு மாசம் யாரோடயும் பேச மாட்டார். நீ ஜெயிச்சா என் கல்யாணம் அவ்ளோதான். வேணும்னே தோத்தேன்னு தெரிஞ்சாலும் அவ்ளோதான்."

நேர்மையாகத் தோற்க எனக்கு உங்கள் ஓப்பனிங்கை விட்டால் வேறு கதி ஏது? தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அதன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

போட்டியன்று ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். பெரிய மூளை, ஆழமாக யோசிக்கிறது என்று நானும் இருமலைக்கூட விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணி கழித்து நடுவர் வந்தார். காயை நகர்த்தியதும் கடிகாரத்தைத் தட்ட வேண்டுமாம், தட்டாததால் இவ்வளவு நேரம் ஓடியது என் நேரம்தானாம், அது தீர்ந்து நான் தோற்றுவிட்டேனாம். ஒற்றைச் சிப்பாயோடு தோற்றவன் அந்த மன்றத்தில் நான்தான் முதல் ஆளாம்.

அத்தோடு விட்டாரா பையனின் அப்பா? மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார். "எனக்காக விட்டுக்கொடுத்தீங்களா? அப்படின்னா இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்றார். உங்கள் தங்கைதான் காப்பாற்றினாள்.

"விட்டுக்கொடுக்கிற அளவுக்கு இவருக்குச் சாமர்த்தியம் இருந்தா நான் ஏங்க இப்படி இருக்கேன்? போன மாசம் பெட்ரோல் போடற எடத்துல என்னை இறக்கிவிட்டுட்டு வீட்டுக்கு வந்து, எங்க இருக்கேன்னு எனக்கே போன் பண்ணாரு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் எப்போதும்போல் இருந்தேன். அதுவே போதுமானதாக இருந்தது. சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் முன்நின்று கல்யாணத்தை நடத்தித் தர வேண்டும். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிய புண்ணியவான்

பி.கு. (தனிச் சீட்டில்): சம்பந்தி உங்களிடம் விசாரித்தால், கடிகார விஷயத்தைக் கடிதத்தில் உள்ளபடியே சொல்லிவிடுங்கள். இந்தத் துண்டுச்சீட்டைப் படித்ததும் கிழித்துவிடவும். கடிகாரத்தைத் தட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். உங்கள் ஓப்பனிங்கை ஆபீசில் நாலு பேரோடு ஆடிப் பார்த்தேன், நாலும் ஜெயித்துத் தொலைத்தது. அதனால்தான் இரண்டாவது காயைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.