ஐயாவின் சாவைப் பற்றிக் கதைக்கப் போனேன்

வெளிநாட்டில் இருப்பவன் ஊருக்கு வருவதற்கு இரண்டு காலம் உண்டு. கோயில் திருவிழாவுக்கு வரலாம். இல்லாவிட்டால் மார்கழி விடுமுறைக்கு வரலாம். இவை இரண்டும் இல்லாத நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல், அதுவும் மெலிந்துபோய் ஒருவன் வந்திறங்கினால், ஒன்றில் அந்த நாட்டுக்காரன் அவனைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் அல்லது அவனுக்குத் தீராத நோய் வந்திருக்க வேண்டும். நெடுங்கேணிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரின் உறுதியான அபிப்பிராயம் இது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது மறந்துபோனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

நோர்வேயில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. சில வருடங்களுக்கு முன்னர் அங்கே எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். வயதானவர்களோடு அவர்களுடைய மரணத்தைப் பற்றியும் கடைசி விருப்பங்களைப் பற்றியும் மனம்விட்டுப் பேசுவது எப்படி என்று சொல்லித் தந்தார்கள். நடத்திய அம்மையார் மிக மெல்லிய குரலில் பேசுவார். (மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் நித்திரை.) கதிரையை எதிரே போட்டு முகம் பார்த்து உட்காருங்கள் என்றார். முதலில் உங்கள் சொந்த மரணத்தைப் பற்றிப் பேசித் தொடங்குங்கள், எதிரில் இருப்பவரின் கூச்சம் போய்விடும் என்றார். அவர் பேசாமல் இருந்தால் அந்த மௌனத்தை மதியுங்கள் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

அம்மாவை நினைத்துத்தான் அழுதேன். அதற்கு முந்திய வருடம் அம்மா திடீரென்று இறந்துபோனார். நான் வரட்டும் என்று அவரை வீட்டில் வைத்திருந்தார்கள். நானோ பனி மூடிய விமான நிலையத்தில் ஒரு வாங்கில் கிடந்தேன். இந்தா பறக்கும், இந்தா பறக்கும் என்றார்கள், பறக்கவில்லை. அக்கா தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, அம்மாவுக்கு என்ன சீலை உடுத்துறது? அவா உனக்கு ஏதும் சொன்னவவோ?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு மறுபடி கூப்பிட்டு, "இனி வைச்சிருக்கேலாது தம்பி" என்றாள். நான் படலையைத் திறந்தபோது அம்மா ஒரு முட்டிக்குள் சாம்பலாக இருந்தார்.

ஐயாவின் விடயத்தில் இப்படி நடக்கக் கூடாது. அவருக்கு என்ன விருப்பம் என்பதை அவர் வாயாலேயே கேட்டுவிட வேண்டும். இதைத் தொலைபேசியில் கேட்க முடியாது, முகம் பார்த்துத்தான் கேட்க வேண்டும் என்று அம்மையாரே சொல்லியிருக்கிறார். எனக்கு லீவு கிடைத்தது ஐப்பசி மாதத்தில். ஊரே விதைப்பில் நிற்கிற காலம், மழை பிடித்தால் விடாத காலம். நான் அந்த வருடம்தான் உடம்பைக் குறைக்கிறேன் என்று சோற்றையும் சீனியையும் விட்டு, காலையும் மாலையும் ஓடத் தொடங்கியிருந்தேன். கன்னம் இரண்டும் உள்ளே போய் நல்ல வடிவாக இருக்கிறேன் என்பது என்னுடைய எண்ணம்.

நனைந்தபடி முற்றத்தில் போய் நின்றேன். ஐயாவைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே இருப்பவர்கள் அக்காவும் அத்தானும். அக்கா என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தாள்.

"என்ன தம்பி, இப்பிடி வந்து நிக்கிறாய்?"

"சும்மாதான் அக்கா."

"சும்மாவோ?"

அவள் சோறு போட்டாள். நான் சோறு வேண்டாம் என்றேன். தேத்தண்ணிக்குச் சீனியும் வேண்டாம் என்றேன். "ஆர் நிப்பாட்டச் சொன்னது?" என்றாள். "டொக்டரும் நல்லது எண்டுதான் சொன்னவர்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, பையிலிருந்து இரண்டு குளிசையை எடுத்து விழுங்கினேன். (மீனெண்ணெய்க் குளிசை. வெயிலே இல்லாத அந்த நாட்டில் பால்குடி தொடக்கம் கிழவர் வரைக்கும் விழுங்குவார்கள்.) அக்கா குசினிக்குள் போனாள். அடுப்புப் புகையால்தான் மூக்கை உறிஞ்சுகிறாள் என்று நினைத்தேன்.

பின்னேரம் விறாந்தையில் ஐயாவுக்கு எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். ஐயா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அம்மையாரின் குரலை நினைத்துக்கொண்டு, அதே மென்மையில் தொடங்கினேன்.

"ஐயா, ஒருவேளை எனக்கு ஏதும் நடந்தால் என்னை அந்த நாட்டில விடவேண்டாம். இஞ்ச கொண்டுவந்து, அம்மாவை எரிச்ச இடத்துக்குப் பக்கத்தில எரிக்கவேணும். அதுதான் என்ர விருப்பம். நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

ஐயாவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. என்னைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். பிறகு, "மாட்டுக்கு வைக்கல் போடவேணும்" என்று எழும்பிப் போய்விட்டார். கொட்டிலுக்குள் அவர் மாடுகளோடு நெடுநேரம் கதைப்பது கேட்டது. நான் அந்த மௌனத்தை மதித்தேன். பயிற்சி எவ்வளவு அருமையாக வேலை செய்கிறது என்று அம்மையாருக்கு மனதுக்குள் நன்றியும் சொன்னேன்.

அடுத்த நாளிலிருந்து வீட்டில் ஒரு ராச உபசாரம் தொடங்கியது. ஊர்க்கோழி அடித்தார்கள். நாயாற்றிலிருந்து இறால் வந்தது. காணிப் பிரச்சினை ஒன்றால் என்னோடு இரண்டு வருடம் முகம் கொடுத்துக் கதைக்காத அத்தான், நான் குளிக்கக் கிணற்றில் தண்ணீர் அள்ளி ஊற்றினார். நான் தும்மினால் மூன்று பேர் ஓடிவந்தார்கள். விதைப்பை விட்டுவிட்டு ஊர்ச் சனம் வாழைப்பழச் சீப்போடும் விசுக்கோத்துப் பெட்டியோடும் வந்து, விறாந்தையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பரமேஸ் மாமி என் தலையைத் தடவி, "நல்ல பிள்ளையாய் இருந்தவன்" என்றார். இருந்தவன் என்று ஏன் சொல்கிறார் என்று எனக்கு உறைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்ற மதிப்பு இன்னும் குறையவில்லை என்று உள்ளூர மகிழ்ந்தேன்.

பிறகு ஒரு நாள் மழை விட்டிருந்த நேரம் ஐயா, "வா, ஒரு இடம் காட்டவேணும்" என்று உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு போனார். சுடலையில் கொண்டுபோய் நிறுத்தினார். அம்மாவை எரித்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாலை மரம் நின்றது. அதன் அடியைக் காலால் துப்புரவாக்கிவிட்டு, "இதுதான்" என்றார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஐயா தன் இடத்தைத் தானே தெரிவுசெய்து எனக்குக் காட்டுகிறார். எங்கள் முதியோர் இல்லத்தில் மாதக்கணக்கில் நடக்கிற வேலையை நான் சில நாட்களில் முடித்துவிட்டேன்.

"நல்ல இடம் ஐயா. நிழலும் இருக்கு, காத்தும் வருது."

"வெள்ளம் நிக்காது" என்றார் ஐயா.

"எனக்கு நல்ல சந்தோசம்" என்று சொல்லி அவர் தோளில் தட்டினேன்.

ஐயா அந்தப் பாலை மரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மா இறந்தபோதுகூட அவர் இப்படி அழவில்லை என்று அக்கா பிறகு சொன்னாள். மனப்பாரத்தை இறக்கி வைக்கிறார் என்று நினைத்து நான் பக்கத்தில் புன்சிரிப்போடு நின்றேன். அந்தப் புன்சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

உண்மை வெளியே வந்தது காசிம் நானாவால். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து போய், திரும்பி வந்து கடை போட்டிருப்பவர். ஐயாவின் நெல்லை வருடா வருடம் வாங்குகிறவர், ஐயாவின் நெருங்கிய கூட்டாளி. பேரீச்சம்பழப் பெட்டியோடு வந்தார். விறாந்தை நிறையச் சனம். எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கதைக்க, அவர் ஒருவர்தான் நேரே கேட்டார்.

"தம்பி, மறைக்காமல் சொல்லுங்கோ. டொக்டர்மார் எவ்வளவு காலம் எண்டு சொன்னவங்கள்?"

"எதுக்கு நானா?"

"உங்கட வருத்தத்துக்குத்தான். நாங்கள் துவாக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறம். அல்லா பெரியவன்."

நான் சுற்றிப் பார்த்தேன். பரமேஸ் மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அத்தான் நிலத்தைப் பார்த்தார். வாழைப்பழம், இறால், கிணற்றுத் தண்ணீர், பாலை மரம் எல்லாம் எனக்கு ஒரேயடியாக விளங்கியது. பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது.

"ஐயோ நானா, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் ஐயா சாகிறதைப் பற்றிக் கதைக்கத்தான் வந்தனான்."

இதற்கு மேல் மோசமான ஒரு வசனத்தை யோசித்துச் செய்தாலும் செய்ய முடியாது. ஐயாவின் கையில் தேத்தண்ணிக் கிளாஸ் அப்படியே நின்றது. செத்துக்கொண்டிருந்த அருமைப் பிள்ளை ஒரு நொடியில், தகப்பன் எப்போது சாவார் என்று விசாரிக்க விமானம் ஏறி வந்த பாவியாகிவிட்டான். "இதைக் கேக்கவோ நோர்வேயில இருந்து வந்தனி?" என்று மாமி எழும்பினார். கொண்டுவந்த வாழைப்பழத்தைத் திருப்பித் தூக்கவில்லை, அவ்வளவுதான். அக்கா குசினிக்குப் போய்க் கோழிக்கறிச் சட்டியை மூடிவைத்தாள்.

ஐயா மட்டும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"உனக்கு ஒண்டும் இல்லையோ?"

"இல்லை ஐயா."

"சத்தியமாயோ?"

"சத்தியமாய்."

"அப்ப எங்கட கோயில் அம்மாள் கேட்டிட்டா" என்றார். கண் நிறைந்திருந்தது. "நான் நேர்த்தி வைச்சனான். நீ மொட்டை அடிச்சு, கோயில் வீதியில மூண்டு சுத்து உருளுவாய் எண்டு."

"ஐயா, எனக்கு முதலும் ஒண்டும் இருக்கேல்லை."

"அது உனக்கு எப்பிடித் தெரியும்? நான் நேர்த்தி வைச்ச பிறகுதானே சொல்லுறாய்."

காசிம் நானா, "துவாவையும் கணக்கில எடுங்கோ" என்றார். ஐயா ஒத்துக்கொண்டார்.

விடிய எழுப்பி, தலையை மழித்து, குளத்தில் முழுகவைத்து, ஈர வேட்டியோடு அம்மன் கோயில் வீதியில் படுக்கவைத்தார்கள். ஐப்பசி மழையில் அந்த வீதி வயலுக்கு ஒன்றும் குறையில்லை. மணல் வீதியில் அங்கப்பிரதட்சணம் செய்கிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நான் சேற்றில் உருண்டேன், சில இடங்களில் மிதந்தேன். விதைப்பை இன்னொரு நாள் தள்ளிவைத்துவிட்டு ஊர் முழுக்கப் பார்க்க வந்திருந்தது. பயபக்தி முகத்தில் இருந்தாலும் தோள்கள் குலுங்கின.

ஐயா குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தார். குடை அவருக்கு மட்டும். முதற் சுற்று முடிந்ததும் அவரே பேசத் தொடங்கினார். என் முகம் சேற்றுக்குள் போகும்போது நிறுத்துவார், மேலே வரும்போது சொல்லுவார்.

"கொம்மாவை உனக்காக வைச்சிருந்தம்."

உருண்டேன்.

"அவா இருக்கேக்க ஒருத்தரையும் காக்க வைச்சதில்லை. நாங்கள் அவாவைக் காக்க வைச்சிட்டம். அது எனக்கு இன்னும் மனசில கிடக்கு."

உருண்டேன்.

"என்னை அப்பிடி வைச்சிருக்கக் கூடாது. அண்டைக்கே எடுத்துப்போடவேணும். நீ நிண்டாலும் சரி, நிக்காட்டிலும் சரி. அத்தான் கொள்ளி வைப்பார். நீ பனிக்க கிடந்து அந்தரப்படாத."

உருளுவதை நிறுத்தி மல்லாந்து கிடந்தேன். மழை முகத்தில் விழுந்தது.

"நான் வராமலோ ஐயா?"

"நீ வந்து நிண்டாலும் 'வந்திட்டியோ' எண்டு அண்டைக்கு நான் கேக்கப்போறதில்லையடா. கேக்க ஏலுற நேரத்தில வா."

நான் அழுதேன். வாய்விட்டு அழுதேன். முகம் முழுக்கச் சேறு என்பதால் ஊருக்குத் தெரியவில்லை, ஐயாவுக்குத் தெரிந்தது. குடையைக் கொஞ்சம் என் பக்கம் சரித்தார்.

"ஏன் கிடக்கிறாய்? இன்னும் ஒண்டரைச் சுத்துக் கிடக்கு" என்றார்.

மொட்டைத் தலையும் ஒட்டிய கன்னமுமாக நோர்வேக்குத் திரும்பினேன். வேலைத்தளத்தில் என்னைக் கண்டதும் எல்லோரும் கதையை நிறுத்தினார்கள். மேசையில் பூங்கொத்து வைத்தார்கள். பயிற்சி நடத்திய அம்மையார் கேள்விப்பட்டு நேரே வந்தார். எனக்கு எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அந்த மெல்லிய குரலில், "நான் என்னுடைய மரணத்தைப் பற்றிச் சொல்லித் தொடங்கட்டுமா?" என்றார். எனக்கு நோய் ஒன்றும் இல்லை, இது கோயிலுக்குக் கொடுத்த முடி என்று விளக்கினேன். அவர் மௌனத்தை மதிக்கப் பழகியவர், ஆனால் நான் பேசியதை நம்பவில்லை. தலைமுடி வளர்ந்த பிறகுதான் அந்த இல்லத்துக்கு என்மேல் நம்பிக்கை வந்தது.

அன்றிலிருந்து நான் திருவிழாவுக்குப் போவதில்லை, மார்கழிக்கும் போவதில்லை. ஒவ்வொரு ஐப்பசியும், மழைக்குள் போய் இறங்குகிறேன். புளியங்குளத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே ஊர்க்காரர் யாராவது பிடித்துவிடுவார்கள். "இந்த முறை ஆருக்கு? உனக்கோ, ஐயாவுக்கோ?" காசிம் நானா கடைக்குள் இருந்தபடியே, "துவாக் கேக்கவோ தம்பி?" என்பார். அக்கா என் பையைத் திறந்து குளிசையை எண்ணுவாள்.

ஐயாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. படலைச் சத்தம் கேட்டால் விறாந்தைக் கதிரையில் இருந்து தலையை நிமிர்த்துவார்.

"வந்திட்டியோ?"

"ஓம் ஐயா, வந்திட்டன்."

கையை நீட்டி என் கன்னத்தைத் தடவிப் பார்ப்பார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி அக்காவுக்குக் குரல் கொடுப்பார்.

"பிள்ளை, உலையை வை. இவனுக்கு இந்த முறையும் ஒண்டும் இல்லையாம்."