ஒன்றாம் நம்பருக்கு ஆசைப்பட்ட கதை

தெரியாத வேலையைத் தெரியும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அரைகுறையாகத் தெரிந்த வேலையைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆபத்து முழுக்க அதில்தான். ஒன்றும் தெரியாதவள் கை வைக்கவே பயப்படுவாள்.

கல்யாணமாகி சந்தவாசலிலிருந்து ஜவ்வாது மலைக்கு வந்து அப்போது இருபது நாள்கூட ஆகவில்லை. என் மாமியார் அங்கே இ-சேவை மையம் நடத்துகிறார். பத்தாவது வரை படித்தவர். சாதிச் சான்றிதழ், பட்டா, ஆதார் திருத்தம் எல்லாவற்றையும் இரண்டே விரலால் தட்டி முடித்துவிடுவார். நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பத்து விரல். (மூன்று அரியர். அதில் ஒன்று நெட்வொர்க் பேப்பர். பெண் பார்க்க வந்தபோது யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

மையத்தில் ஒரு பெரிய ஜெராக்ஸ் மெஷின் உண்டு. அதில் காகிதத்தை வைத்து ஸ்கேன் செய்தால், வைஃபை வழியாக நேரே அத்தையின் லேப்டாப்புக்கு வந்துவிடும். ஒரே தொல்லை, கரண்ட் போய் வந்தால் ரௌட்டர் லேப்டாப்புக்கு வேறு முகவரி எண்ணைக் கொடுத்துவிடும். மெஷினோ பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும், வீடு மாறிப் போனவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் போடுவதுபோல. மலையில் கரண்ட் போகாத நாள் ஏது? ஒவ்வொரு முறையும் அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு புது எண்ணைப் பார்த்து, மெஷினில் தட்டிவிட்டு வருவார்.

அன்றைக்குச் செல்வி வந்திருந்தாள். பிளஸ் டூ முடித்த பெண். நர்சிங் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க அதுதான் கடைசி நாள், மாலை ஐந்து மணிவரை. பாதிச் சான்றிதழ்கள் ஸ்கேன் ஆகியிருந்தன. கரண்ட் போய் வந்தது. அத்தை கண்ணாடியைத் தேடினார்.

"இன்னாத்துக்கு அத்தே தெனம் இந்த வேலை? லேப்டாப்புக்கு மாறாத நம்பரா ஒன்னு குடுத்துட்டா முடிஞ்சிபோச்சி. ரெண்டு நிமிஷம்" என்றேன்.

"ஓடறத ஏம்மா தொடணும்?"

"இதுக்குத்தான அத்தே நான் படிச்சேன்?"

இதற்குமேல் ஒரு மாமியார் புது மருமகளிடம் என்ன சொல்ல முடியும்? நாற்காலியை விட்டு எழுந்தார்.

வைஃபை அமைப்புக்குள் போய், தானாக எண் வாங்குவதை நிறுத்தி, நானே எண் போடும் கட்டங்களைத் திறந்தேன். கடைசி இலக்கமாக எதைப் போடுவது? கல்லூரி நோட்டில் வரைந்த எல்லாப் படத்திலும் 192.168.1.1 என்று இருந்த ஞாபகம். பார்க்கவும் லட்சணமாக இருந்தது. மாமியார் கம்ப்யூட்டருக்குப் போய் நூற்றேழு, நூற்றெட்டு என்று கண்ட நம்பரையா கொடுப்பார்கள்? ஒன்றையே போட்டு சேமித்தேன்.

நெட் போய்விட்டது.

"ரௌட்டர் மக்கர் பண்ணுது அத்தே" என்றேன் உடனே. ரௌட்டரின் முதுகில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. தாலிக் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி அதற்குள் விட்டு, பத்து எண்ணும்வரை அழுத்தினேன். எல்லா விளக்கும் அணைந்தன. திரும்ப எரிந்தபோது ஒன்று மட்டும் சிவப்பாக எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

அத்தை ஆலங்காயத்தில் இருக்கும் நெட் கம்பெனிக்காரர் குமாருக்குப் போன் போட்டார். "வர்றேங்க்கா. மேல ஏறி வரணும் இல்லீங்களா, நேரமாவும்" என்றார் அவர். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. எங்கள் தெருவில் போனில் பேசலாமே தவிர, நெட் நகராது.

"கெளம்புங்க. ஆலங்காயம் ரோட்டு வளைவுல நல்லா டவர் எடுக்கும்" என்றார் அத்தை.

அத்தை ஸ்கூட்டியை ஓட்ட, நடுவில் செல்வி, கடைசியில் நான். தூறலில் லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டேன். வளைவிலிருந்த பாலக்கட்டையில் உட்கார்ந்து, அத்தையின் போனிலிருந்து லேப்டாப்புக்கு நெட் கொடுத்தோம். இணைந்தது. ஆனால் 'இணையம் இல்லை' என்றது. போனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சாலையில் இப்படியும் அப்படியும் நடந்தேன்.

"அக்கா, போன்ல நெட்டு நல்லா வருது. லேப்டாப்புலதான் வரல" என்றாள் செல்வி.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "லேப்டாப்பு பழசாயிடுச்சி அத்தே" என்றேன்.

"காலைல வரைக்கும் புதுசாத்தான் இருந்துச்சி" என்றார் அத்தை.

செல்வி சான்றிதழ் உறையை மார்போடு பிடித்துக்கொண்டு நேரத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால், அழுதிருந்தால்கூடத் தேவலை. உறைமேல் விழுந்த தூறலைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தாள். என் மூன்று அரியருக்கு இந்தப் பெண்ணா விலை கொடுப்பது?

நாலரை மணிக்குக் கீழேயிருந்து ஒரு பைக் ஏறி வந்தது. மழைக்கோட்டுக்குள் குமார். எங்களைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை வாங்கிப் பார்த்தார்.

"மேடம், இதுல நம்பர் எதுனா போட்டீங்களா?"

"போட்டேன்."

"ஒன்னுன்னு?"

"ஆமா."

"அது ரௌட்டரோட நம்பர்ங்க. ஒரே நம்பர்ல ரெண்டு பேரு இருந்தா அடிச்சிக்கும். வைஃபைக்கே போட்டு வெச்சதால, எங்க போனாலும் அதையே தூக்கினு போவுது. இந்தப் போனுக்கு அது ஒத்து வராதுங்க."

எண் தானாக வரும்படி பழையபடி மாற்றினார். நெட் வந்துவிட்டது. மீதிச் சான்றிதழ்களைப் போனில் படமெடுத்து ஏற்றினோம். அத்தை இரண்டு விரலால் தட்டி முடித்து, ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது விண்ணப்பத்தை அனுப்பினார். ஒப்புகை எண் வந்ததும்தான் செல்வி அழுதாள்.

நல்ல நேரம் பார்த்து மிச்சத்தையும் சொல்லிவிடலாம் என்று, "அப்புறம்ங்க... ரௌட்டர் ஓட்டையில ஊக்கு வெச்சி அழுத்திட்டேன்" என்றேன்.

குமார் கண்ணை மூடித் திறந்தார். "அப்ப கம்பெனி போட்டுக் குடுத்ததெல்லாம் அழிஞ்சிருக்கும்ங்க. வாங்க, மேலயே போலாம்."

மையத்துக்கு வந்து எல்லாவற்றையும் மறுபடி போட்டார். "லேப்டாப்புக்குன்னு அம்பதாம் நம்பர ரௌட்டர்லயே ஒதுக்கிட்டேன்க்கா. இனிமே கரண்டு போனாலும் மாறாது" என்றார்.

"அப்ப ஒன்னு?" என்று கேட்டார் அத்தை.

"அது எப்பவும் ரௌட்டருக்குத்தான்க்கா. மத்ததெல்லாம் அது வழியாத்தான் போவணும், வரணும்."

அத்தை மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். ராத்திரி சாப்பாட்டின்போது என் கணவரிடம், "டேய், அம்பதுக்கு இன்னொரு தோசை வையி" என்றார்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயர். செல்வி இப்போது வேலூரில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். லீவில் வந்தால் அவளும் 'அம்பதக்கா' என்றுதான் கூப்பிடுகிறாள். அரியர் மூன்றையும் முடித்துவிட்டேன் என்பதை யாரும் காதில் வாங்குவதில்லை.

போன மாதம் அத்தை படவேட்டில் தன் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போனார். பஸ் ஏறும் முன் மையத்துச் சாவியை என் கையில் வைத்தார்.

"ரெண்டு நாளைக்கு நீ ஒன்னாம் நம்பரா இரு. நான் வந்ததும் அம்பதுக்குப் போய்டணும். இன்னா?"