நானூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்த கண்டெய்னர்

“சீல் நம்பர்ல கடைசி எழுத்து அஞ்சா, எஸ்ஸான்னு கேட்டு எழுதியிருக்கான்” என்றார் ஏற்றுமதி மேனேஜர் ஸ்ரீவத்சன்.

குடோன் சூப்பர்வைசர் பேச்சிராஜா கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். அவர் எடுத்த படம்தான். கண்டெய்னர் கதவு, அதில் தொங்கும் சீல். போனில் பளிச்சென்று இருந்தது கடல் தாண்டியதும் கஞ்சித் தண்ணியாகக் கலங்கிவிட்டிருந்தது.

“அஞ்சுதான் சார்.”

“உமக்குத் தெரியும். ஜெர்மனிக்காரனுக்குத் தெரியணுமே. வெள்ளிக்கிழமைக்குள்ள தெளிவான படம் வரணுமாம். இந்தக் கண்டெய்னருக்கும், அடுத்த கண்டெய்னருக்கும். இல்லைன்னா மீதி நாலையும் வேற ஆளுக்குக் குடுத்துருவானாம்.”

மொத்தம் ஆறு கண்டெய்னர் அவுரி இலை. அந்த ஊர்க்காரர்களுக்கு வயிறு கழிய வேண்டுமென்றால் தூத்துக்குடி அவுரி வேண்டும். இங்கே எட்டு லோடுமேன்களுக்கு வயிறு நிறைய வேண்டுமென்றாலும் அதே அவுரிதான். நாலு கண்டெய்னர் போனால் சீசன் போயிற்று.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இனிகோ உள்ளே தலையை நீட்டினான். லோடுமேன்களுக்கு மேஸ்திரி அவன். ஆலந்தலையிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வருகிறவன்.

“நம்பரை மெயில்ல எழுதி அனுப்பிட்டா என்ன சார்?”

“எழுதுனா அது ப்ரூஃப் ஆகுமாய்யா?” என்றார் ஸ்ரீவத்சன். “போட்டோவைப் போனில அனுப்புனா சுருங்கிப் போகுது. இதுக்குன்னு நெட்ல சைட் இருக்கு. அதுல ஏத்திட்டு லிங்க்கை மட்டும் அனுப்பணும். நல்ல சைட்டாப் பார்த்து ஏத்தும்.”

கண்டெய்னரில் ஏற்றுவது பேச்சிராஜாவுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருசமாக அதுதான் செய்கிறார். நெட்டில் ஏற்றுவது முதல்முறை.

முதலில் பிடித்த சைட் படங்களை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. முகம் முகமாகப் பிரித்தது. மறுநாள் காலையில் தானாகவே ஒரு வீடியோ செய்து வைத்திருந்தது. வயலின் ஓலமிட, வியர்வையில் நனைந்த இனிகோவின் முதுகு மெல்ல மெல்லப் பெரிதாகி வந்தது. அதன்மேல் இதயங்கள் பறந்தன. ‘மறக்க முடியாத தருணங்கள்’ என்று எழுத்து வந்தது.

“இதையா ஜெர்மனிக்கு அனுப்புனீரு?”

“லிங்க்தான் சார் அனுப்புனேன். அதுல இது இருக்கும்னு நான் என்ன கண்டேன்?”

இரண்டாவது சைட் மரியாதையாக இருந்தது. இருபத்து நாலு மணி நேரத்தில் எல்லாப் படங்களையும் மரியாதையாக அழித்தும் விட்டது. அது அப்படித்தானாம். காசு கட்டாதவர்களுக்கு ஒரு நாள்தான் ஆயுசு என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது.

மூன்றாவதுதான் வாய்த்தது. படம் நின்றது. சீல் நம்பர் துல்லியமாகத் தெரிந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அடியில் கருத்து எழுதலாம். எத்தனை தடவை பார்த்திருக்கிறார்கள் என்று ஓரத்தில் ஒரு கணக்கும் ஓடியது.

புதன்கிழமை காலையில் அந்தக் கணக்கு நாலில் நின்றது. நாலும் பேச்சிராஜாதான்.

“மெயில் போகுதா, இல்லியான்னே தெரியல சார்” என்றார். “இந்த ஹார்பர்ல பேப்பர் தொலைஞ்சு போன சரக்கு நூறு பாத்திருக்கேன். சாக்குல அடிச்ச மார்க்கா போய்ச் சேராம இருந்து நான் பாத்ததில்ல.”

சொன்னதோடு நிற்கவில்லை. தகர வேலைக்காரரிடம் போய், நாற்பத்தோரு எழுத்து லிங்க்கையும் தகட்டில் வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். பழைய சாக்கு ஒன்றில் வெள்ளோட்டம் பார்த்துவிட்டு, அன்றைக்கு ஏற வேண்டிய முதல் இருபது பேல் மூட்டையிலும், வழக்கமான மார்க்காவுக்கு அடியில், கறுப்பு மையில் லிங்க்கை அடித்தார். ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண்.

ஸ்ரீவத்சன் இடுப்பில் கைவைத்து நின்றார். “சரக்கு போய்ச் சேர ஒரு மாசமாகும். படம் வெள்ளிக்கிழமை வேணும்யா!”

“பேலைப் போட்டோ எடுத்துப் போனில அனுப்புவோம் சார். படம் எவ்வளவு கலங்குனாலும் ஒரு சாண் எழுத்து தெரியும்லா? அதப் பாத்து லிங்க்கைத் தட்டுவான். தட்டுனா சீல் நம்பர் வந்துரும்.”

“அதுக்கு சீல் நம்பரையே ஒரு சாண் எழுத்துல அடிச்சிருக்கலாமே அண்ணாச்சி” என்றான் இனிகோ.

“ஏலே, வேலயப் பாருல.”

வெள்ளோட்டம் பார்த்த சாக்கை வாசலுக்கு எதிரே டீக்கடை போட்டிருக்கும் சீனித்தாய் கேட்டு வாங்கிக்கொண்டாள். இதே குடோனில் பத்து வருசம் சாக்கு தைத்தவள். முதுகு விட்டுப்போன பிறகு டீக்கு மாறியவள்.

“மேற்க இருந்து வெயில் மூஞ்சில அடிக்கி. மறைப்பாக் கெட்டிக்கிடுதேன் அண்ணாச்சி. மவளும் காலேசு லீவுல வந்திருக்கா, நெழல்ல இருந்து படிப்பா.”

“கொண்டு போளா.”

கண்டெய்னரில் பேல் ஏற ஏறப் பேச்சிராஜா படம் எடுத்து சைட்டில் போட்டுக்கொண்டே இருந்தார். மத்தியானத்துக்குள் பார்வைக் கணக்கு நாலிலிருந்து முப்பத்தேழாக ஏறியது.

பேச்சிராஜா ஆபீசுக்கு ஓடினார். “சார், பாத்துட்டான்! ஒரு சாண் எழுத்து வேல செஞ்சிட்டு!”

சாயங்காலம் முதல் கருத்து வந்தது. இங்கிலீஷில். எழுதியவர் பெயர் ‘விருந்தாளி’ என்று மட்டும் இருந்தது. ஸ்ரீவத்சன் படித்துச் சொன்னார்.

“மூணாவது வரிசை, ரெண்டாவது பேல். தையல் விட்டிருக்குங்கறான்.”

எல்லோரும் கண்டெய்னருக்குள் போய்ப் பார்த்தார்கள். விட்டிருந்தது. விரல் நுழைகிற அளவுக்கு.

“பக்கத்துல நிக்கிற நமக்குத் தெரியல. அங்கன இருந்து பாத்துச் சொல்லுதான் பாரேன்” என்றார் பேச்சிராஜா. அவருக்குப் புல்லரித்தது. மூன்று வரிசையையும் இறக்கி, தைத்து, மறுபடி ஏற்றினார்கள். அன்றைக்கே முடிந்திருக்க வேண்டிய கண்டெய்னர் பாதியில் நின்றது.

அன்று சோற்றுக்கு உட்கார்ந்தபோதும் பேச்சிராஜாவுக்கு அதே நினைப்புதான். யார் பார்க்கிறார்கள்? ஜெர்மன் முதலாளியா, அவன் ஆள் வைத்திருக்கிறானா? ஆள் என்றால் எத்தனை பேர்? பெரிய ஹாலில் வரிசையாக வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து இனிகோவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பது போல ஒரு காட்சி அவர் மனதில் வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் லோடுமேன்கள் எட்டுப் பேரும் தலை சீவி வந்தார்கள். ஒருவன் பவுடர் போட்டிருந்தான். அவுரித் தூசியில் அது பத்து நிமிசம் தாங்கியது. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் பேச்சிராஜா படம் எடுத்து ஏற்றினார். கணக்கு நூற்றைத் தாண்டியது.

பத்தேமுக்காலுக்கு இரண்டாவது கருத்து. “தொழிலாளிகள் களைத்துத் தெரிகிறார்கள். இவர்களுக்கு டீ கொடுக்கிறீர்களா?”

“நாலு மணிக்குத்தான் சார் டீ. அதுவும் அவனவன் காசுல.”

ஸ்ரீவத்சன் நெற்றியைத் தடவினார். “அந்த ஊர்ல லேபர் வெல்ஃபேர் அது இதுன்னு ரூல்ஸ் ஜாஸ்தி. டீ குடுக்கலைன்னு ஆர்டரைக் கேன்சல் பண்ணுனாலும் பண்ணுவான். கம்பெனி செலவுல பதினோரு மணிக்கு டீ போடச் சொல்லும். குடிக்கிறதைப் படம் எடுத்து ஏத்தும்.”

எதிர்க்கடையிலிருந்து டீ வந்தது. எட்டுப் பேரும் கண்டெய்னர் முன்னால் கிளாசோடு நின்றார்கள். படம் ஏறியது.

கால் மணி நேரத்தில் பதில்: “நன்று. தூசியில் வேலை செய்பவர்களுக்கு இஞ்சி தட்டிப் போட்ட டீ தொண்டைக்கு நல்லது. கூட வடை இருந்தால் இன்னும் நல்லது.”

“வடைன்னா எழுதியிருக்கான்?” பேச்சிராஜா நம்பவில்லை.

“இங்கிலீஷ்ல பருப்புப் பலகாரம்னு போட்டிருக்கான், நான்தான் வடைன்னேன். ப்ரோட்டீனைச் சொல்றான்” என்றார் ஸ்ரீவத்சன். “சேஃப்டி ஸ்டாண்டர்டுல எங்கேயாவது இருக்கும். செய்யும்.”

இஞ்சி டீ, வடை, படம். பிறகு வெயிலில் நிற்கிறார்களே என்று ஒரு கருத்து. வாடகைக்குப் பந்தல் போட்டார்கள். பந்தல் நிழலில் சீல் சரியாகத் தெரியாது என்று பேச்சிராஜா கண்டெய்னரை நகர்த்தச் சொன்னார். டிரெய்லர் டிரைவர் சாப்பிடப் போயிருந்தான். வியாழக்கிழமையும் போயிற்று.

“வடை தின்னுட்டுப் பேல் தூக்குனா குனிய முடியல அண்ணாச்சி” என்றான் இனிகோ. அவன் குரலில் குறை எதுவும் இல்லை.

“சீசன் போச்சுன்னா வடையும் கிடையாது, பேலும் கிடையாது. தூக்குல.”

வெள்ளிக்கிழமை நாலரைக்குக் கடைசி பேல் ஏறியது. கதவைச் சாத்தி சீல் போட்டு, பேச்சிராஜா ஏழு கோணத்தில் படம் எடுத்தார். சைட்டில் ஏற்றினார். பார்வைக் கணக்கு நானூற்றுப் பன்னிரண்டு. எட்டு லோடுமேன்களும் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து ஆபீஸ் கதவையே பார்த்தார்கள்.

ஐந்து மணிக்கு ஜெர்மனியிலிருந்து மெயில் வந்தது. ஸ்ரீவத்சன் ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை படித்தார்.

“என்ன சார்? பந்தல் சரியில்லையா?”

“அவங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வெளி லிங்க் எதுவும் தொறக்காதாம். தடை போட்டிருக்காங்களாம்.”

“அப்போ?”

“இந்த வாரம் பூரா ஒரு படம்கூட நாங்க பாக்கலைங்கறான். இவ்வளவு சிரமப்பட வேண்டாம், ரெண்டு சீல் நம்பரையும் மெயில்ல எழுதி அனுப்புனாப் போதும்ங்கறான்.”

முதல் நாளே இதைச் சொன்ன இனிகோ தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

ஸ்ரீவத்சன் இரண்டு நம்பரையும் எழுதினார். அரை நிமிசம் ஆனது. பத்து நிமிசத்தில் பதில் வந்தது: நன்றி, மீதி நாலு கண்டெய்னரும் உறுதி.

பந்தலில் ஒரே சத்தம். ஒருவன் விசில் அடித்தான். பேச்சிராஜா மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். பிழைப்பு தப்பியது, சரி. ஆனால் மனசு அடங்கவில்லை.

“பேல்ல அடிச்ச லிங்க்கு இன்னும் குடோனைத் தாண்டல. அவனும் பாக்கல” என்றார். “அப்ப நானூத்திப் பன்னெண்டு தடவ பாத்தது யாரு? தையல் விட்டதச் சொன்னது யாருல?”

“கடல்ல போற கப்பல்காரனாருப்பான்” என்றான் இனிகோ.

“கப்பல்காரனுக்கு நம்ம வடையில என்னல அக்கறை?”

காலி கிளாசுகளைப் பொறுக்க, கடையின் சாக்கு மறைப்பை விலக்கிக்கொண்டு வந்த சீனித்தாய், கம்பித் தூக்கின் வளையத்தில் ஒன்றொன்றாகச் செருகிக்கொண்டே கேட்டாள்:

“அண்ணாச்சி, அடுத்த நாலு பெட்டிக்கும் பதினோரு மணி டீ உண்டுமா, இல்லியா? மவ நாளைக்குக் காலேசுக்குப் போறா. இங்கிலீசுல எழுதணும்னா இன்னைக்கே எழுதச் சொல்லணும்.”