இரண்டு டிஸ்க், இரண்டு பொட்டு

வாசகரே, நம் நாட்டில் பத்திரசாமி என்று ஓர் இனம் உண்டு. இவர் கோயிலில் இருக்கமாட்டார், வீடுகளில்தான் இருப்பார். கண்ணில் பட்டதையெல்லாம் பத்திரப்படுத்துவார். டிவி ரிமோட்டை வாங்கிய அன்றே பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறை மங்கி எண் தெரியாமல் போனபிறகும் குத்துமதிப்பாக அழுத்திக்கொண்டிருப்பார். புது சோபாவின் மேல் விரிப்பு, விரிப்பின் மேல் துண்டு, துண்டின் மேல் பழைய செய்தித்தாள் என்று போட்டுவிட்டு, சோபா என்ன நிறம் என்பதை வந்தவர்களுக்கு வாயால் சொல்வார். வீட்டுச் சாவிக்கு மாற்றுச் சாவி செய்து, அதை யாருக்கும் தெரியாத இடத்தில், முக்கியமாகத் தனக்கே தெரியாத இடத்தில், வைப்பார். பத்திரப்படுத்தியதை எப்போதாவது எடுத்துப் பார்ப்பாரா? நல்ல கேள்வி கேட்டீர்கள்! எடுத்தால் பத்திரம் போய்விடாதா?

செங்கல்பட்டில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் எனக்கு எதிர்வீட்டுக்காரராக வாய்த்திருக்கிறார். பக்தவத்சலம் என்று பெயர். கடற்கரைப் பக்கம் ஓர் அலுவலகத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறவர். நல்ல மனிதர். கேட்காமலே உதவி செய்வார். வேண்டாம் என்றாலும் செய்வார். பிரச்சினையே அங்கேதான்.

அவர் வீட்டுக் கூடத்தில், சாமி படத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பெரிய ரவுட்டர் பெட்டி வீற்றிருக்கிறது. இணையமும் அதுதான் தரும். அதன் வயிற்றுக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் உண்டு. ஒன்றில் எதை எழுதினாலும் அடுத்த கணமே மற்றதிலும் அப்படியே எழுதிக்கொள்ளும். ஒன்று செத்தால் இன்னொன்று இருக்கும். இதற்கு மிர்ரர், அதாவது கண்ணாடி, என்று பெயர். இந்த விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. மாடிப்படியில், லிஃப்டில், குப்பை போடப் போகும் இடத்தில் என்று அவர் சொல்லிச் சொல்லியே எனக்கு மனப்பாடம்.

ஒருநாள் என்னை மடக்கினார்.

"சார், உங்க பொண்ணு காதுகுத்து வீடியோ எங்க வெச்சிருக்கீங்க?"

"ஃபோன்லதான்."

பச்சைக் குழந்தையை நடுரோட்டில் விட்டுவிட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். கையோடு ஒயரைக் கொண்டுவந்து, வீடியோவைத் தன் பெட்டிக்குள் ஏற்றி, என் ஃபோனில் இருந்ததைத் தானே அழித்தார். "ரெண்டு டிஸ்க்ல இருக்கு. மூணாவது எதுக்கு? சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு!" இப்படியே எங்கள் குடியிருப்பின் கல்யாணங்கள், சீமந்தங்கள், கிரகப்பிரவேசங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அந்தப் பெட்டிக்குள் குடிபோயின.

தீனாவும் அப்படித்தான் மாட்டினான். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் ஐஸ் பெட்டி வைத்து எங்களுக்கு மீன் கொண்டுவருகிறவன். அவர்கள் குப்பத்தைக் கடல் வருஷா வருஷம் தின்றுகொண்டு வந்தது. முதலில் தென்னைகள் போயின, அப்புறம் வலைக் கொட்டகை போனது, இப்போது படகு ஏற்றிவைக்கவே மணல் இல்லை. கரை எங்கே இருந்தது, எவ்வளவு உள்ளே வந்துவிட்டது என்று காட்டினால்தான் அரசாங்கம் கல் கொட்டித் தடுப்புப் போடும் என்றார்கள். அதற்காக ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்துவைத்திருந்தான். மீன் எடை போட்டபடி இதைச் சொன்னதுதான் அவன் செய்த தப்பு.

"ஃபோன்லயா வெச்சிருக்க? கடல்ல விழுந்தா?" என்று பக்தவத்சலம் பதறினார்.

"இன்னா அண்ணாத்த, உன் பொட்டில போட்டா பத்ரமா இருக்குமா?"

"ரெண்டு டிஸ்க் தீனா! ஒண்ணு போனா ஒண்ணு!"

அன்றே ஏற்றினார். அன்றே அவன் ஃபோனிலும் அழித்தார்.

பெட்டியை அவர் பராமரித்த விதத்தையும் சொல்லவேண்டும். சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, அதன் தலையில் உள்ளங்கையை வைத்து, ஜுரம் பார்ப்பதுபோல் பார்ப்பார். "சூடு சரியா இருக்கு" என்பார். மஞ்சள் துணியால் துடைப்பார். அவ்வளவுதான். உள்ளே போட்டதில் ஒரு படத்தையாவது திறந்து பார்த்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆயுத பூஜை வந்தது. மிக்ஸிக்கு ஒரு பொட்டு, ஸ்கூட்டருக்கு ஒரு பொட்டு, ரவுட்டருக்கு மட்டும் இரண்டு பொட்டு. பெட்டியின் முகப்பில் டிஸ்க்குக்கு ஒன்றாக இரண்டு சின்ன விளக்குகள் பச்சையாக எரியும். அவற்றின் மேலேயே சந்தனத்தை அப்பி, குங்குமத்தை அழுத்தினார்.

"லைட்டு மேல ஏங்க வைக்கிறீங்க?" என்று கேட்டாள் அவர் மனைவி தெய்வநாயகி.

"அதுதான் அதோட நெத்தி."

மழைக்காலத்தில் பெட்டி 'கீ... கீ...' என்று கத்த ஆரம்பித்தது. முதலில் பல்லி என்றார். அப்புறம் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் என்று என்மேல் பழி போட்டார். கடைசியில், டிவியில் நாலு பேர் சேர்ந்து கத்தும் விவாதம் காதில் விழவில்லை என்பதற்காக, கணினியில் பெட்டியின் பக்கத்தைத் திறந்து சத்தத்தை அணைத்தார். அந்தப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் என்னவோ இருந்ததாம். "கம்பெனிக்காரன் விளம்பரம்" என்று மூடிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை தீனா மீன் இல்லாமல் வந்தான்.

"அண்ணாத்த, திங்கக்கெயம ஆபீசர் வர்றாரு. படம் காட்னா கல்லு போடுவாங்க. இல்லாங்காட்டி வேற ஊருக்குப் போய்க்கினே இருப்பாங்க. அந்தப் படத்த குட்த்துடு."

வேடிக்கை பார்க்க நானும் போனேன். பக்தவத்சலம் ஜம்பமாகக் கணினியைத் திறந்தார். மறுபடியும் அதே சிவப்பு எழுத்து. தெய்வநாயகி ஈரத்துணியை எடுத்துப் பெட்டியின் நெற்றியைத் துடைத்தாள். வலது விளக்கு பச்சை. இடது விளக்கு, துடைத்த பிறகும் குங்குமம் போகாததுபோல், சிவப்பாகவே எரிந்தது. மாதக்கணக்கில் எரிந்துகொண்டிருந்திருக்கிறது, பாவம்.

மனிதர் அசரவேண்டுமே? தொடையைத் தட்டினார். "பார்த்தீங்களா! ஒண்ணு செத்துப்போச்சு, ஒண்ணு உசுரோட இருக்கு! இதுக்குத்தான் மிர்ரர்!"

"அப்ப முதல்ல அந்தப் பிள்ளையோட படத்தை எடுத்துக் கொடுத்துடுங்க" என்றாள் தெய்வநாயகி.

"எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு. ஒத்தை டிஸ்க்ல கைவைக்கக் கூடாது. முதல்ல ஜோடி சேர்க்கணும்."

ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு ஓடிப்போய்ப் புது டிஸ்க் வாங்கிவந்தார். சூடம் காட்டினார். செத்ததை உருவிவிட்டுப் புதியதைச் செருகினார். திரையில் ஒரு கேள்வி வந்தது. எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு நகல் எடுக்கட்டும் என்று பெட்டி மரியாதையாகத்தான் கேட்டது. பத்திரசாமிகள் கேள்வியைப் படிப்பதில்லை. 'சரி' என்ற பொத்தான் எங்கே என்றுதான் பார்ப்பார்கள். அழுத்தினார்.

கண்ணாடிக்கு வஞ்சகம் தெரியாது. எதிரே நிற்பதைத்தான் காட்டும். காலியான புது டிஸ்க்கைப் பழைய டிஸ்க் மேல் அச்சுப் பிசகாமல் எழுதி முடித்தது.

"ரெண்டும் பச்சையாதான கீது, அண்ணாத்த?" என்றான் தீனா.

"ஆமா தீனா."

"படம்?"

பக்தவத்சலம் திரையில் மேலும் கீழும் தேடினார். இரண்டு டிஸ்க்கும் ஒன்றுபோலவே இருந்தன. காலியாக. அவர் முகத்தைப் பார்த்து எனக்குப் பரிதாபம்தான் வந்தது. என் மகளின் காதுகுத்து ஞாபகம் வந்த பிறகுதான் கோபம் வந்தது. தீனா கத்தியிருந்தால் தேவலை. அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். "கொட்டாய் போச்சு, மரம் போச்சு, இப்ப படமும் பூட்ச்சா?" என்றான்.

அப்போது அவன் ஃபோன் அடித்தது. அக்கா ரஞ்சிதா. விஷயத்தைக் கேட்டதும் அவள் போட்ட சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"டேய் பேமானி! ஒவ்வொரு படத்தயும் நம்ம குப்பத்து குரூப்புல போட்டு, ஆபீசருங்கள திட்டிகினே இருந்தியே, அத்தெல்லாம் இன்னாடா ஆச்சு?"

அன்று முழுக்கக் குப்பமே ஃபோனைத் தடவியது. காலை வணக்க ரோஜாக்களுக்கும், வஞ்சிரம் விலைக்கும், புயல் எச்சரிக்கைக்கும் நடுவிலிருந்து படங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எல்லாம் கிடைத்தன, முதல் படத்தைத் தவிர. அது குரூப் தொடங்குவதற்கு முன் எடுத்தது. முதலில் கரை எங்கே இருந்தது என்று காட்டுவது அந்தப் படம்தான்.

திங்கட்கிழமை பக்தவத்சலம் என்னையும் தெய்வநாயகியையும் காரில் ஏற்றிக்கொண்டு குப்பத்துக்கு வந்தார். அது அவருக்குப் பெரிய தைரியம் என்று இப்போதும் சொல்வேன். அதிகாரி படங்களைப் புரட்டிவிட்டு, "இதுக்கு முன்னாடி கரை எங்க இருந்துச்சு? அதுக்கு என்ன ஆதாரம்?" என்றார். தீனா தலையைக் குனிந்தான். பக்தவத்சலம் இன்னும் குனிந்தார்.

ரஞ்சிதா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து தன் ஃபோனை நீட்டினாள். அவளுடைய வாட்ஸப் முகப்புப் படம்; தினமும் கண்ணில் படுவதாலேயே யாருக்கும் தோன்றாமல் போனது. தீனா எடுத்த அந்த முதல் படத்தில் தான் அழகாக விழுந்திருக்கிறோம் என்பதற்காக அன்றே வாங்கி வைத்துக்கொண்டவள் இன்றுவரை மாற்றவில்லை. வலைக் கொட்டகை வாசலில் நின்று சிரிக்கிறாள். பின்னால் மூன்று தென்னை. அதற்கும் வெகுதூரம் பின்னால் கடல்.

"நா நிக்கிறது எங்க தெர்தா சார்? தோ அங்க!"

அவள் கைகாட்டிய இடத்தில் ஓர் அலை உடைந்தது. அதிகாரி ஃபோனைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், மறுபடியும் ஃபோனைப் பார்த்தார். பிறகு, கல் எங்கிருந்து கொட்டவேண்டும் என்று உதவியாளரிடம் சொல்லத் தொடங்கினார். தீனா அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

திரும்பும் வழியெல்லாம் பக்தவத்சலம் மிர்ரர் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. திருந்திவிட்டார் என்றே நினைத்தேன். செங்கல்பட்டு நெருங்கும்போது தொண்டையைக் கனைத்தார்.

"அந்தப் பொண்ணு ஃபோன்ல ஒரே ஒரு காப்பிதான் இருக்கு. ரொம்ப ஆபத்து. ஒயர் எடுத்துட்டுப் போய்..."

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க" என்றாள் தெய்வநாயகி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் கல்யாண சிடியைக் கடைசியாக எப்போது போட்டுப் பார்த்தீர்கள்? அதைப் போட வீட்டில் இயந்திரம் இருக்கிறதா? பழைய ஃபோனிலிருந்து புது ஃபோனுக்கு எல்லாம் வந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னார் அல்லவா, நீங்கள் பார்த்தீர்களா? நேற்றுத் திரையில் ஏதோ கேட்டபோது 'சரி' என்று அழுத்தினீர்களே, அது என்ன கேட்டது?

எதற்கும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டு ரவுட்டரில் போன ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு இன்னும் அப்படியே இருக்கும். ஈரத்துணியால் ஒருதரம் துடைத்துவிட்டுப் பாருங்கள், அடியில் என்ன நிறம் எரிகிறதென்று.