அத்திமரத்திலிருந்து இருநூறு மீட்டர்

“நான் வகுத்துக் குடுக்குற பாதையில ஒருத்தன் வழி தவறணும்னா, அதுக்குன்னு தனியா பயிற்சி எடுத்துட்டுத்தான் வரணும்.”

எங்கள் ஊர் சான் ரொமுவால்தோவின் நெடும்பாதைக் குழுத் தலைவர் தோன் எவேலியோ இப்படிச் சொன்னதும் கூட்டம் கைதட்டியது. தட்டாமல் என்ன செய்யும்? வாசகரே, மனிதர்களில் ‘வழி தெரிந்தவர்’ என்றோர் இனம் உண்டு. அவர் பசியோடு இருக்கலாம், காய்ச்சலில் படுத்திருக்கலாம், நீங்கள் கேட்கும் ஊரின் பெயரையே அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டிருக்கலாம். ‘தெரியாது’ என்ற ஒரு சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து யாராலும் கறந்துவிட முடியாது.

இந்தக் கடலில் காலை நனைத்துவிட்டு அந்தக் கடல்வரை நடந்தே போக நாட்டுக்குக் குறுக்கே ஒரு பாதை போடுகிறார்கள். அதில் எங்கள் ஊர்ப்பக்கம் வரும் பதினொரு கிலோமீட்டர் தோன் எவேலியோவின் பொறுப்பு. சனிக்கிழமை தலைநகரிலிருந்து இரண்டு பெண்கள் வந்து, துணைக்கு ஆள் இல்லாமல், நடந்து பார்ப்பதாக ஏற்பாடு. சாயங்காலத்துக்குள் ஊர் வந்து சேர்ந்தால் பாதை இந்தப் பள்ளத்தாக்கில். சேராவிட்டால் ஆற்றுக்கு அக்கரையில்.

இதில் பிழைப்பே அடங்கியிருந்தது ஒதிலியாவுக்குத்தான். புதுச் சாலை வந்து லாரிக்காரர்கள் அந்தப் பக்கம் போனதிலிருந்து அவளுடைய சாப்பாட்டுக் கடையில் ஈ ஓட்டக்கூட ஈ இல்லை. நடக்கிறவர்களை நம்பி, பின்னாலிருந்த காப்பிக் கிடங்கைச் சுத்தம் செய்து எட்டுக் கட்டில் போட்டு, அவற்றுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, தலையணை உறையும் தைத்தாயிற்று. பாதை அக்கரைக்குப் போனால் எட்டுக் கட்டிலிலும் அவளே முறைவைத்துப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதனால்தான் ஆறாவது கூட்டத்தில், தலைவர் எழுதிய வழிக்குறிப்பை வாங்கிப் படித்தாள். ‘அத்திமரத்திலிருந்து தெற்கே இருநூறு மீட்டர். அங்கே லெயோனெலின் சிவப்புப் பசு படுத்திருக்கும். அதற்கு இடப்பக்கம் திரும்பவும்.’

“தோன் எவேலியோ, அந்த அத்திமரம் விழுந்து பத்தொன்பது வருஷமாச்சு.”

“விழுந்தா என்ன? இடம் அங்கேயேதான இருக்கு.”

“பசு எந்திரிச்சுப் போயிட்டா?”

“அது எந்திரிக்காது. சோம்பேறிப் பசு. அதோட அம்மாவையே எனக்குத் தெரியும்.”

“சரி, அது என்ன இருநூறு மீட்டரு?”

“சுமாரா ரெண்டு வளைவு.”

எங்கள் ஊரில் வீட்டுக்கு எண் கிடையாது. தபால்காரர் முதல் பிணவண்டிக்காரர் வரை எல்லாரும் இல்லாத அந்த அத்திமரத்திலிருந்து எண்ணிக்கொண்டுதான் வருவார்கள், சரியாகவும் வந்துவிடுவார்கள். நூறு மீட்டர் என்றால் ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த தெருமுனை. தெருவே இல்லாத மலையில் நூறு மீட்டர் எவ்வளவு? அது சொல்பவரின் மூச்சைப் பொறுத்தது.

“கல்லுல ஒரு அம்புக்குறி போட்டுட்டா என்ன?” என்றாள் ஒதிலியா.

“அம்பு போட்டா வர்றவங்கள முட்டாளாக்குற மாதிரி ஆயிடும், தோன்யா ஒதிலியா. சந்தேகம்னா வழியில யாரையாவது கேட்டுக்கட்டும்.”

“காட்டுக்குள்ள யாரு இருக்கா கேக்குறதுக்கு?”

தலைவர் உதட்டைக் குவித்து மலைப்பக்கம் நீட்டினார். கையை வீணாகத் தூக்கமாட்டோம் நாங்கள், உதட்டாலேயே திசை காட்டிவிடுவோம். தோன் எவேலியோவின் உதடு காட்டும் திசைக்குள் ஒரு மாகாணமும் இரண்டு ஆறுகளும் அடங்கும்.

இந்த இனத்தாரின் மற்ற குணங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். வழி கேட்டால் முதலில் நீங்கள் வந்த வழியே தவறு என்பார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்பார்கள். வழியிலிருக்கும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். நீங்கள் எதிர்ப்பக்கம் திரும்பிப் போவதைப் பார்த்தபடியே நின்று, “சுத்தியாவது சேர்ந்துடுவான்” என்று பெருமூச்சு விடுவார்கள். சரி, தோன் எவேலியோ அந்தப் பாதையில் போனதே இல்லையா? போயிருக்கிறார். இருபத்திரண்டு வயதில், குதிரைமேல், அரைத் தூக்கத்தில். வழி குதிரைக்குத் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை ஒதிலியா கடையைச் சாத்தினாள். கட்டிலுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை பெயிண்டை எடுத்துக்கொண்டு, கல்லுக்குக் கல் குறி போட்டபடி, பதினொரு கிலோமீட்டரையும் தானே நடந்தாள். இரண்டு முறை வழி தவறினாள். தவறிய இடங்களில் மட்டும் குறியைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏழாவது கூட்டம் போடுவார்கள்.

சனிக்கிழமை காலை, வருகிறவர்களைப் பாதி வழியிலேயே எதிர்கொண்டு அழைத்துவரக் கைத்தடியோடு கிளம்பினார் தலைவர். பாதையில் போகவில்லை. அவருக்குக் குறுக்குவழி தெரியும்.

மூன்றரை மணிக்கு, கொட்டும் மழையில், இரண்டு பெண்களும் கடை வாசலில் வந்து நின்றார்கள். ஒதிலியா ஆளுக்கொரு துண்டை நீட்டினாள்.

“வழி கஷ்டமா இருந்துச்சாம்மா?”

“இல்லங்க, வெள்ளைக் குறியப் பாத்தே வந்துட்டோம்,” என்றாள் அவர்களில் மூத்தவளான கிரேத்தல். “வழிக்குறிப்ப மத்தியானம் சாப்பிடும்போது படிச்சோம். சிரிச்சு சிரிச்சுப் புரையேறிடுச்சு. ஆமா, உங்க தலைவர் எங்க?”

“உங்களக் கூட்டிட்டு வரத்தான் போனாரு.”

வறுத்த வாழைக்காயும் கறுப்புப் பயறுச் சோறும் காலியாகி, இரண்டாவது காப்பியும் முடிந்த சமயத்தில், ஆற்றுப்பாலம் தாண்டி அக்கரையிலிருந்து வந்த பால்வண்டி நின்றது. முழங்கால்வரை சேறோடு தோன் எவேலியோ இறங்கினார். வண்டிக்காரர் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டார்.

“அக்கரைப் பாதையையும் ஒரு தடவ நேர்ல பாத்துடலாம்னு போனேன். சரிப்படாது.”

கிரேத்தல் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்: மாற்றுப் பாதையைத் தலைவரே சோதித்துப் பார்த்தார், உகந்ததல்ல. எட்டுக் கட்டிலும் பிழைத்தன. ஒதிலியா தலைவருக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

சிரிக்கிறீர்கள், இல்லையா? போன வாரம் பேருந்து நிலையத்தில் ஒருவர் உங்களிடம் ஏதோ ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டாரே. உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் உங்கள் கை தானாக உயர்ந்து ஒரு பக்கத்தைக் காட்டியது. “நேராப் போனீங்கன்னா வந்துடும்” என்று வாயும் சேர்ந்துகொண்டது. பாவம், அவர் இன்னும் நேராகப் போய்க்கொண்டிருக்கலாம்.

மறுநாள் காலை பெண்கள் அடுத்த ஊரை நோக்கிக் கிளம்பினார்கள். மலையடிவாரம்வரை கொண்டுவிட்டு வருவதாகத் தலைவரும் முன்னால் நடந்தார். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்றார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பிறகு ஓரமாக ஒதுங்கிக்கொண்டார்.

“நீங்க முன்னாடி போங்கம்மா. விருந்தாளிய முன்னால விடுறதுதான எங்க ஊரு மரியாத.”