பெக்கட் நானாவின் ஆறு பேர் சஹன்

ஜூன் பதினேழாம் திகதி, செவ்வாய்க்கிழமை. காலையில் பருப்பை அடுப்பில் வைத்தேன். செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். பேராதனையிலிருந்து வழமையான பஸ்ஸில் கண்டிக்கு வந்து, அங்கே கட்டுகஸ்தோட்டை பஸ்ஸுக்கு மாறினேன். மழை தூறியது. குடையை மடக்கிக்கொண்டு அலுவலகப் படியேறும் வரைக்கும் நாட்குறிப்பில் எழுதும்படியாக வேறொன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை எழுத அன்றைய பக்கம் போதவில்லை. காரணம், முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் முறையில் நாங்கள் எல்லோரும் நானா என்று அழைக்கும், என் அலுவலகத்து பெக்கட் நானா.

அழைப்பு மணி மீது பெக்கட் நானா வைத்திருந்த பகையைப் போல, இந்த மத்திய மாகாணத்தில் எந்த மனிதரும் எந்தப் பொருளின் மீதும் பகை வைத்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு கதிரையை வாசலுக்கு இழுத்துப்போய், அதில் ஏறி, மணியின் பற்றரிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புதிதாக வந்தவர் திருடுகிறார் என்று நான் பதறிவிட்டேன்.

"மணி அடிச்சா என்னா நடக்கும் மிஸ்? செய்ற வேலைய வைக்கணும், எழும்பணும், போகணும். திரும்பி வந்து எங்க விட்டோம்னு தேடணும்" என்றார்.

"மணி இல்லாட்டி வர்ற ஆளு வாசல்லயே நிப்பாங்களே நானா?"

"நிக்க மாட்டாங்க. நான் போய்ப் பாத்துக்கிட்டே ஈப்பேன்."

சொன்னபடியே செய்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை எழுந்துபோய்க் கதவைத் திறந்து, வெறும் படிக்கட்டைப் பார்த்து "வந்திட்டா?" என்பார். யாரும் இல்லையென்றால் திரும்பி வருவார். மறுபடியும் போவார். தபால்காரர் ஒருநாள் கதவைத் தட்டக் கையை ஓங்கிய கணத்தில் கதவு தானாகத் திறந்து ஒரு தாடி எட்டிப் பார்த்திருக்கிறது. அன்றிலிருந்து அவர் கடிதங்களைக் கீழே இரும்புக் கடையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டிலும் இதே கதைதான். அவருடைய மனைவி அக்குறணையில் ஆசிரியை. பெண் பார்க்க வந்த அன்றே வாசல் மணியைக் கழற்றியவர் என்று அவர் என்னிடம் சொன்னபோது, குரலில் பெருமையா வருத்தமா என்று பிரித்தறிய முடியவில்லை.

இது வெறும் கிறுக்கு அல்ல, இதுதான் அவருடைய தொழில் என்று எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின. எங்கள் அலுவலகத்தில் பெரிய கணினி ஒன்று இருந்தது. அதற்குள்ளே பல கணினிகள் குடியிருந்தன. கையால் தொட முடியாத, மென்பொருளால் மட்டுமே ஆன கணினிகள். அவை ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும்போது, செய்தி சின்னச் சின்னப் பொதிகளாகப் போகும். அந்தப் பொதிக்குத்தான் பெக்கட் என்று பெயர். பொதிகளை வாங்கி உரிய கணினிக்குக் கைமாற்றிவிட நடுவில் ஒரு மென்பொருள் இருக்கும். சாதாரணமாக ஒவ்வொரு பொதி வரும்போதும் கணினிக்குள் ஒரு மணி அடிக்கும். கணினி செய்கிற வேலையை வைத்துவிட்டு எழும்பி வரும். நானா அந்த மணியைக் கழற்றிவிட்டார். கணினியின் மூளையில் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து, "வந்திட்டா? வந்திட்டா?" என்று ஓயாமல் பார்த்துக்கொண்டேயிருக்கும் வேலைக்கு வைத்தார். மணி அடித்து எழும்பும் நேரம் மிச்சமானதால் பொதிகள் பறந்தன.

இதை அக்குறணைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கப்போய்த்தான் அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்தது. கல்யாண வீடொன்றில் ஒரு பெரியவர், "மகன் என்னா தொழில்?" என்று கேட்டிருக்கிறார். பெக்கட் அனுப்புகிற வேலை என்றிருக்கிறார் நானா. பெரியவர் சோற்றுப் பார்சலை நினைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு எத்தனை போகும் என்று விசாரித்திருக்கிறார். "ஒரு செக்கனுக்குப் பல லட்சம் போகும்" என்று நானா அடக்கத்தோடு சொல்ல, பெரியவர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாராம்.

நானாவின் இன்னொரு கொள்கை, ஒன்று ஒருவருக்கே. கணினியின் மூளையில் பிரித்தெடுத்த பகுதியை வேறு எந்த வேலையும் தொடக்கூடாது. நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தில் வேறு யாரும் நுழையக்கூடாது. இதையும் கணினிக்கு வெளியே கொண்டுவந்தார். அலுவலகத்தில் இரண்டு கதிரைகளை ஒதுக்கிச் சுவரோடு சேர்த்து வைத்தார். அவற்றில் அவர் உட்காரவில்லை, எவரையும் உட்கார விடவுமில்லை. எதற்கு என்று கேட்டேன். "தேவப்படும்போது ஈக்கணுமே மிஸ்" என்றார். விருந்தாளிகள் அந்தக் கதிரைகளைப் பார்த்தபடியே நின்றார்கள்.

சஹனில் அவர் சாப்பிட்ட கதையை எங்கள் சாரதி சொல்லக் கேட்டிருக்கிறேன். முஸ்லிம் கல்யாண வீடுகளில் புரியாணியை ஒரு பெரிய தட்டில் குவித்து வைப்பார்கள். அதுதான் சஹன். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். நானா உட்கார்ந்ததும் முதலில் விரலால் சோற்றில் இரண்டு கோடு கிழித்துத் தன் பங்கைப் பிரித்துக்கொள்வாராம். பக்கத்து ஆளின் கோழித் துண்டு ஒன்று சரிந்து எல்லை தாண்டி வந்தபோது, அதை இரண்டு விரலால் தூக்கி உரியவரிடம் ஒப்படைத்தாராம்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. கொழும்புத் தலைமையகத்திலிருந்து மேலாளர் பரிசோதனையைப் பார்க்க வருகிறார். ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குப் பொதிகள் சிந்தாமல் சிதறாமல் ஓடினால் கண்டிக் கிளை பிழைக்கும். ஓடாவிட்டால் கிளையை மூடிவிடுவார்கள், வேலை வேண்டியவர்கள் கொழும்புக்குப் போகவேண்டும். எனக்குப் பேராதனையில் வேறு வேலை கிடைத்திருக்கும். நானாவின் வேலை கண்டியில் வேறு எங்கும் கிடையாது. மனைவியின் பள்ளிக்கூடமும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அக்குறணையில். அன்று காலை அவர் வழக்கத்தைவிட அதிகமாகக் கதவுக்குப் போய்வந்தார்.

மேலாளர் யாழ்ப்பாணத்துக்காரர். படியேறி வந்தவர் முன்னால் கதவு தானாகத் திறந்ததில் ஒரு படி பின்வாங்கினார். உள்ளே வந்து, கணினியின் மூளை எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் திரையைப் பார்த்ததும் இரண்டாம் முறை அதிர்ந்தார்.

"இது ஏன் நூறு வீதத்தில நிக்குது? ஒண்டும் அனுப்பேல்லத்தானே? நிப்பாட்டுங்கோ, எரியப்போகுது."

அது வேலை செய்யவில்லை, வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நானா விளக்கினார். சும்மா பார்க்கிறதுக்கு நூறு வீதமா என்று மேலாளர் என் பக்கம் திரும்பினார். நான் வாசல் கதவைப் பார்த்தேன்.

பரிசோதனை தொடங்கியது. முதல் கணினி பொதிகளைக் கொட்டியது. இரண்டாவது கணினியில் வந்து சேர்ந்தவை: பூச்சியம். இணைப்பு இருக்கிறது என்று திரை சொன்னது. எல்லாம் சரி என்றும் சொன்னது. ஒரு பொதிகூட வரவில்லை. அனுப்பியதெல்லாம் வழியில் சிந்திக்கொண்டிருந்தது. நானா நிறுத்தித் திரும்பத் தொடங்கினார். பூச்சியம். முந்தைய நாள் கணினிகளைப் புதிதாக அமைத்ததிலிருந்து ஒவ்வொரு கட்டளையையும் நானும் அவரும் வாய்விட்டு வாசித்துப் பார்த்தோம். எழுதியதில் பிழை இல்லை. அவருடைய காதோரம் வியர்த்திருந்தது. மேலாளர் நின்றுகொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் சாப்பாடு வந்தது. நானாதான் சொல்லியிருந்தார், அலுவலகத்து ஐந்து பேரும் மேலாளருமாக ஆறு பேருக்கு ஒரு சாப்பாடு என்று. அக்குறணைக் கடைக்காரருக்கு அதற்கு ஒரே பொருள்தான். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்கள். குடை விரித்த அளவுக்கு ஒரு சஹன், மலை போலப் புரியாணி. தனித்தனியாகப் போட்டுச் சாப்பிட ஒரு பீங்கான்கூட அனுப்பவில்லை.

மேலாளர் தட்டைப் பார்த்தார், எங்களை எண்ணினார்.

"எல்லாரும் ஒரே தட்டிலயோ?"

நான் என் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் என் பங்கை எடுத்துக்கொண்டு ஒதுங்கினேன். மேலாளர் பசிக்காரர், கையைக் கழுவி வந்துவிட்டார். நானா வழக்கம்போல விரலை நீட்டி முதல் கோட்டைக் கிழித்தார். இரண்டாவது கோடு பாதியில் நின்றது. விரல் சோற்றுக்குள் நின்றபடியே இருந்தது. முகம் வெளிறிவிட்டது. எலும்பு தொண்டையில் சிக்கிவிட்டதென்று நான் தண்ணீரை எடுத்தேன். அவர் இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

"மிஸ்" என்றார். "நான் சஹனப் பிரிச்சிட்டேன்."

"அதான் எப்பவும் பிரிப்பீங்களே நானா?"

"சோத்த செல்லல்ல. உள்ளுக்க."

விஷயம் இதுதான். கணினியின் நினைவகத்தில் அவர் ஒதுக்கிய இடத்தை, பொதிகளைக் கைமாற்றும் மென்பொருளும் அந்தக் கணினியும் சேர்ந்து பயன்படுத்த வேண்டும். ஒருவர் வைக்க மற்றவர் எடுக்கிற ஒரே தட்டு அது. "பகிரலாம்" என்று ஒரு சொல்லைச் சேர்த்தால்தான் தட்டு பொதுவாகும். அந்தச் சொல்லை அவர் எழுதவேயில்லை. இல்லாத சொல்லை வாசித்துப் பிழை பார்க்க என்னாலும் முடியவில்லை. பொதிகள் தங்களுக்கு எட்டாத தட்டின் விளிம்பில் வந்து நின்று விழுந்துகொண்டிருந்தன.

வலக்கையில் ஒட்டிய சோற்றோடு எழுந்துபோய் இடக்கையால் அந்தச் சொல்லைத் தட்டினார். இரண்டு கணினிகளையும் நிறுத்தித் திரும்ப எழுப்பினார். பூச்சியம் ஒரு கணம் பூச்சியமாகவே நின்றது. பிறகு எண்கள் கண்ணால் வாசிக்க முடியாத வேகத்தில் ஏறின. சிந்தியவை என்ற இடத்தில்தான் இப்போது பூச்சியம். வாயில் வைத்த கவளத்தை மெல்ல மறந்து மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானா மேசைக்குத் திரும்பி வந்தார். தான் கிழித்த கோட்டைப் பார்த்தார். உள்ளங்கையால் அதை அழித்தார். பிறகு, இன்றுவரை என்னால் நம்ப முடியாத ஒன்றைச் செய்தார். சுவரோரம் ஒதுக்கி வைத்திருந்த கதிரைகளில் ஒன்றை இழுத்துவந்து, "ஈங்க சேர், நின்டுக்கிட்டுத் தின்னாதீங்க" என்றார்.

போகும்போது மேலாளர் பிடி கொடுக்கவில்லை. பெரியவர்களோடு கதைத்துவிட்டு நாளைக்கு அழைத்துச் சொல்வதாகச் சொன்னார்.

"நீங்க எடுக்க வேணாம் சேர். நானே கேக்குறேன்" என்றார் நானா.

மேலாளரின் கார் கடுகண்ணாவை மலையை இறங்கும்போது, தொலைபேசியில் முதல் தடவை கேட்டார். மாவனெல்லையில் கேட்டார். மாவனெல்லை தாண்டுமுன் மறுபடி கேட்டார். "முடிவு வந்திட்டா சேர்?" இதைத்தவிர வேறு ஒரு வார்த்தை இல்லை. கேகாலையில் மேலாளரின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஓம், ஓம், கதைச்சிட்டன். கண்டியிலயே இருங்கோ. தயவுசெய்து இனி எடுக்காதேங்கோ."

நானா தொலைபேசியைப் பையில் வைத்தார். அடுத்த நிமிடம் பழக்கத்தில் திரும்ப வெளியே எடுத்துப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைத் திறக்கப் போனார். அந்த முறை திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு நான்தான் முதலில் வந்தேன். கைப்பையை மேசையில் வைக்கும் முன் கதவைத் திறந்து படிக்கட்டைப் பார்த்தேன். யாரும் இல்லை. உள்ளே வந்து, மறுபடியும் போய்ப் படிக்கட்டுக்குக் கீழே தெருவைப் பார்த்தேன். மணி இருந்திருந்தால் நானா வந்துவிட்டார் என்பது உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்திருக்கும். ஆனால் அக்குறணை பஸ்ஸிலிருந்து இறங்கி, தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு, மழையில் அவர் வந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்க முடியாது.