சம்மனசானவர் முதுகில் ஒரு வாத்து முட்டை

லகுனா,
11 செப்டம்பர் 1967

பேரன்புள்ள நார்சிசா அக்காவுக்கு, உன் வலது கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு தம்பி கான்ராடோ எழுதுவது. இங்கு நானும் வாத்துகளும் நலம். ஹொனலூலுவில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாயிருக்க, நம் கோவிலில் இறக்கையோடு நிற்கும் தேவதூதர் மிக்கேல் சம்மனசானவரை வேண்டுகிறேன். வேண்டும்போது அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஏப்ரலில் மணிலாவிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி நம் ஊருக்கு வந்தது. சிவப்பு அங்கி மாட்டி ஆகாயத்தில் பறக்கிற அந்த அமெரிக்க வீரனைக் கேலி செய்து ஆட்டமும் பாட்டுமாய் ஒரு படம். இவர்களுடைய வீரனுக்குக் உள்ளே குஞ்சு உருவான வாத்து முட்டையை அவித்து உப்புத் தொட்டுத் தின்றால்தான் பலம் வருமாம், அதனால் முட்டைக்கு என்னிடம் வந்தார்கள். வந்த இடத்தில் அவர்கள் கொண்டுவந்த சிவப்பு அங்கியை ஆடு மென்றுவிட்டது. டைரக்டர் என் வாசலில் உட்கார்ந்து அழுதார். என் மனசுதான் உனக்குத் தெரியுமே. நீ மூணு வருஷம் உட்கார்ந்து தங்க இழை போட்டுத் தச்ச சம்மனசானவர் அங்கியைப் பீரோவிலிருந்து எடுத்து, ஒரே ஒரு மணி நேரம்னு சொல்லிக் குடுத்துட்டேன்.

அது முதுகுல மஞ்சத் துணியில பெரிய முட்டை ஒண்ணு வெட்டிப் பசை போட்டு ஒட்டுவாங்கன்னு நான் கண்டேனா? கதாநாயகனுக்கு உயரம்னா பயமாம். அவனுக்குப் பதிலா எவனோ ஒரு தொந்திக்காரனுக்கு முகமூடி மாட்டி, தென்னை மரத்துல கயிறு கட்டி, கீழே பத்துப் பொண்ணுங்க பாடி ஆட, வயல் மேல பறக்க விட்டாங்க. வயசுக்கேத்த புத்தி வேணாமா அந்த ஆளுக்கு? கயிறு அறுந்து நேரா என் வாத்துப் பட்டியில விழுந்தான். அங்கி பாதியாக் கிழிஞ்சுது. துவைச்சேன், தச்சேன், அந்த முட்டை மட்டும் வரமாட்டேங்குது. பிய்ச்சா தங்க இழையும் சேர்ந்து வருது.

போன சனிக்கிழமை படம் நம்ம ஊர்க் கொட்டகைக்கு வந்துச்சு. முதல் வரிசையில பாதர் யுலோஜியோ. அந்தப் பாட்டு வந்ததும் பணக்காரி டோன்யா விசென்தா எழுந்து நின்னு, "இது சம்மனசானவரோடதுல்ல?"ன்னு நிதானமாக் கேட்டா. சிரிச்சிட்டிருந்த கொட்டகை முழுக்க என் பக்கம் திரும்புச்சு. எனக்கு நாற்காலிக்கு அடியில பூந்துக்கலாம்னு இருந்துச்சு. அப்பா காலத்துலேருந்து திருவிழாவுக்கு சம்மனசானவர் சிலைக்கு அங்கி உடுத்துறது நம்ம வீடு. இனிமே தன் வீடுதான் உடுத்தணும்னு அவ பாதர்கிட்ட கேட்டுட்டா. பாதர் சொன்னது இவ்வளவுதான்: "தச்சது உங்க அக்கா. அவங்க மன்னிச்சா நானும் மன்னிக்கிறேன்."

மன்னிச்சேன்னு ஒரே ஒரு வரி போடு அக்கா. இரக்கப்பட்டதைத் தவிர நான் வேற தப்பு பண்ணல.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு சம்மனசானவர் துணை.

தலை குனிந்த உன் தம்பி,
கான்ராடோ

பி.கு.: படம் ஹொனலூலுவுக்கும் வருதாம். முகமூடி போட்டிருந்ததால ஊர்ல பாதரைத் தவிர யாருக்கும் தெரியாது, ஆனா அந்த வளைஞ்ச காலைப் பார்த்தா நீ கண்டுபிடிச்சிடுவ. அந்தத் தொந்திக்காரன் நான்தான். ஆடு மெல்லவும் இல்ல, டைரக்டர் அழவும் இல்ல. என்னைப் பறக்க விட்டா சம்மனசானவர் அங்கியைத் தர்றேன்னு நானே போய்க் கேட்டேன். விழறதுக்கு முன்னால மூணு விநாடி பறந்தேன் அக்கா. எல்லாத்தையும் பாவசங்கீர்த்தனத்துல ஒப்புக்கிட்டப்போ பாதர், மனசார வருத்தப்படுறியான்னு கேட்டார். வெட்கப்படுறேன் சாமின்னேன். வருத்தப்படுறேன்னு மட்டும் சொல்ல வாய் வரல.